கமுந்திங்கில் இருந்தவருக்கு ஓட்டுப் போட்ட ஊர்

2008 மார்ச் 8 பொதுத்தேர்தலைப் பற்றி எழுதுகிறவர்கள் நாடாளுமன்றக் கணக்கில்தான் ஆரம்பிக்கிறார்கள். 222 இடங்களில் ஆளும் தேசிய முன்னணிக்கு 140. மூன்றில் இரண்டு பங்கு பெரும்பான்மை 1969-க்குப் பிறகு முதல்முறையாகக் கைநழுவியது. கிளந்தானோடு பினாங்கு, கெடா, பேராக், சிலாங்கூர் என்று ஐந்து மாநிலங்கள் எதிர்க்கட்சிகளிடம் போயின. எல்லாம் சரி. கிள்ளான்காரியான எனக்கு அந்தத் தேர்தல் என்றால் ஒரே ஒரு சட்டமன்றத் தொகுதிதான் நினைவுக்கு வரும்: கோத்தா ஆலம் ஷா. அங்கே ஜனநாயக செயல் கட்சி (ஜ.செ.க.) சார்பில் நின்ற வழக்கறிஞர் எம். மனோகரன் ஒரு வீட்டு வாசலில்கூட வந்து ஓட்டுக் கேட்கவில்லை. கேட்க முடியாது. இசா என்ற உள்நாட்டுப் பாதுகாப்புச் சட்டத்தில் பிடிக்கப்பட்டு, பேராக்கில் உள்ள கமுந்திங் தடுப்பு முகாமில் இருந்தார். அவர் மனைவி தெருத்தெருவாக வந்து கேட்டார். மனோகரன் வென்றார்.

அவர்மேல் குற்றச்சாட்டு இல்லை, வழக்கு இல்லை, தீர்ப்பு இல்லை. உள்நாட்டுப் பாதுகாப்பு அமைச்சரின் கையெழுத்து மட்டும் இருந்தது. "இவர் நாட்டுக்கு ஆபத்தானவர்" என்று அரசாங்கம் சொன்னது. "அப்படியென்றால் நீதிமன்றத்தில் நிரூபியுங்கள், அதுவரை இவர் எங்கள் பிரதிநிதி" என்று கிள்ளான் மக்கள் வாக்குச்சீட்டில் பதில் சொன்னார்கள். மலேசியாவின் கொந்தளிப்பான அந்த ஆண்டில் நடந்ததிலேயே பெரிய காரியம் இதுதான் என்பது என் கருத்து. அந்தப் பதிலை இன்று நாமே மெல்ல மெல்லத் திரும்பப் பெற்றுக்கொண்டிருக்கிறோம். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

நான் வழக்கறிஞர் இல்லை. கிள்ளானில் ஒரு வழக்கறிஞர் அலுவலகத்தில் கிராணி வேலை. கோப்புகளை அடுக்குவது, மனுக்களைத் தட்டச்சு செய்வது, நீதிமன்றத் தேதிகளைக் குறித்து வைப்பது, முன்கூடத்தில் அழுதுகொண்டு உட்கார்ந்திருப்பவர்களுக்குத் தண்ணீர் கொடுப்பது. அன்றும் இதே வேலைதான், இன்றும் இதே வேலைதான். ஒரு கைது நடந்தால் முதல் வாரத்தில் அந்த வீட்டுக்குள் என்னென்ன உடைகிறது என்பதை இந்த மேசையிலிருந்துதான் பார்த்து வருகிறேன்.

அந்த ஆண்டு ஹிண்ட்ராஃப் என்ற இந்து உரிமைப் பணிப்படையோடு தொடங்கியது என்று நம்மவர்கள் நினைப்பதுண்டு. நீதிமன்ற வட்டாரத்தில் இருந்த எங்களுக்கு அது 2007 செப்டம்பரிலேயே தொடங்கிவிட்டது. வழக்கறிஞர் வி.கே. லிங்கம் தொலைபேசியில் நீதிபதி நியமனங்களைப் பேசி முடிப்பதுபோல் ஒரு காணொளி வெளிவந்தது. சுமார் 2,000 வழக்கறிஞர்கள் கறுப்புக் கோட்டோடு புத்ராஜெயாவில் பிரதமர் அலுவலகம் நோக்கி நடந்தார்கள். நவம்பர் 10-இல் தூய தேர்தல் கேட்டு, மஞ்சள் சட்டையில் பெர்சே பேரணி அரண்மனைக்குப் போனது. மழையில் நனைந்துகொண்டு மலாய்க்காரர், சீனர், இந்தியர் எல்லோரும் நடந்தார்கள். 2004-இல் 219 இடங்களில் 198-ஐ அள்ளிக்கொடுத்த அதே மக்கள்தான் அப்துல்லா அகமது படாவி அரசாங்கத்தின்மேல் நம்பிக்கை இழந்துகொண்டிருந்தார்கள். நம்முடைய கதை அதற்குள் ஓடிய ஒரு நீரோட்டம். தனிக்கதை அல்ல.

நம்முடைய பங்கு கோயிலில் தொடங்கியது. தீபாவளிக்கு ஒரு வாரமே இருக்கையில், அக்டோபர் இறுதியில், ஷா ஆலாம் பாடாங் ஜாவாவில் மகா மாரியம்மன் கோயில் இயந்திரம் வைத்து இடிக்கப்பட்டது. கிள்ளானிலிருந்து கூப்பிடு தூரம். அந்த ஆண்டு எங்கள் வட்டாரத்தில் பல வீடுகளில் தீபாவளிப் பலகாரமே சுடவில்லை.

கோயில் ஏன் இடிபடுகிறது என்பதை வெளியூர்த் தமிழர்களுக்குச் சொல்ல வேண்டும். தோட்டம் வெள்ளைக்காரக் கம்பெனியின் நிலம். கோயிலை அந்த நிலத்தில் தொழிலாளர்கள் கட்டிக்கொண்டார்கள். நிர்வாகமும் அனுமதித்தது, பல இடங்களில் திருவிழாவுக்கு நன்கொடையும் கொடுத்தது. ஆனால் பத்திரம் எழுதித் தரவில்லை. பிறகு தோட்டம் கைமாறியது, செம்பனைக்குப் போனது, கடைசியில் வீடமைப்பு நிறுவனத்திடம் போனது. நிலத்தை வாங்கியவர் காகிதத்தை எடுத்துப் பார்த்தால் அங்கே கோயில் இருப்பதாகவே இருக்காது. நூறாண்டுக் கோயில் ஒரே நாளில் "சட்டவிரோதக் கட்டுமானம்" ஆகிவிடும். வீட்டுக்கும் அதே கதிதான். இன்று அரசாங்கம் உட்கார்ந்திருக்கும் புத்ராஜெயாவே பெராங் பெசார் முதலான தோட்டங்களின்மேல் எழுந்த நகரம். அங்கே பால்மரம் வெட்டிய குடும்பங்கள் டிங்கில் அடுக்குமாடி வீடுகளுக்குப் பெயர்க்கப்பட்டன. வேலை போனது, லயத்து வீடு போனது, பள்ளிக்கூடம் தூரமானது, கோயிலும் போனது. பிறப்புப் பத்திரம் இல்லாத பிள்ளைகள், இங்கேயே பிறந்தும் குடியுரிமை இல்லாமல் சிவப்பு அடையாள அட்டையோடு கிழவிகளானவர்கள், இவர்கள் எல்லோரும் பட்டணத்து ஓரங்களில் வந்து ஒதுங்கினார்கள்.

ஹிண்ட்ராஃப் பிரிட்டிஷ் அரசாங்கத்தின்மேல் 2007 ஆகஸ்டில் லண்டனில் தொடுத்த வழக்கு நான்கு லட்சம் கோடி டாலர் கேட்டது. சஞ்சிக்கூலிகளாகக் கொண்டுவந்து, 1957-இல் எந்தப் பாதுகாப்பும் இல்லாமல் விட்டுப்போனதற்கு நஷ்டஈடு. அந்த வழக்குக்கு மகாராணியின் வழக்கறிஞரை அமர்த்தித் தரும்படி ஒரு லட்சம் பேர் கையெழுத்திட்ட மனுவைப் பிரிட்டிஷ் தூதரகத்தில் கொடுப்பதற்காகத்தான் நவம்பர் 25 பேரணி. ஆளுக்குப் பத்து லட்சம் கிடைக்கும் என்ற ஆசையில்தான் இவர்கள் போனார்கள் என்று இன்றும் சிலர் இளக்காரமாகப் பேசுகிறார்கள். கையெழுத்து வாங்கிய மேசையில் நானும் உட்கார்ந்திருந்தவள். அதனால் இதற்குப் பதில் சொல்லும் உரிமை எனக்கு உண்டு.

எங்கள் தாமான் கோயில் திடலில், வேலை முடிந்த மாலைகளில், ஒரு மடக்கு மேசை போட்டு உட்கார்வோம். தாளில் நான்கு கட்டம்: பெயர், அடையாள அட்டை எண், ஊர், கையெழுத்து. இரண்டாவது கட்டத்தில் பேனா நிற்கும். சிலர் எண்ணைச் சொல்லத் தயங்குவார்கள், ஏனென்றால் சிவப்பு அட்டை. சிலரிடம் அட்டையே இல்லை. நான்காவது கட்டத்தில் வயதானவர்கள் பெருவிரலை நீட்டுவார்கள். என் அம்மாவும் வந்தார். வாழ்நாளெல்லாம் பால்மரம் வெட்டிய கை. பால் உறைவதற்கு ஊற்றும் அமிலம் பட்டுப்பட்டு ரேகை தேய்ந்துபோயிருந்தது. மையில் தொட்டு அழுத்தினால் தாளில் ஒரு நீல வட்டம்தான் விழுந்தது, கோடு எதுவும் இல்லை. "இது ஏத்துக்குவாங்களா?" என்று கேட்டார். பணத்தைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. மேசைக்கு வந்தவர்களில் பணம் கேட்டவர்களும் இருந்தார்கள், இல்லையென்று சொல்ல மாட்டேன். ஆனால் அதிகம் பேர் கேட்டது வேறு: "இத எழுதிக் குடுத்தா நம்ம பேரு அங்க போய்ச் சேருமா?" எங்காவது ஓர் அலுவலகத்தில் தங்கள் பெயர் பதிவாக வேண்டும் என்ற தவிப்பு அது. பெயர் எங்கும் பதிவாகாமலே மூன்று தலைமுறை கழிந்தவர்களுக்குத்தான் அந்தக் கேள்வி வரும்.

பேரணிக்கு முன்னால் காவல் துறை நீதிமன்றத் தடையுத்தரவு வாங்கியது. கிள்ளான் பள்ளத்தாக்கு முழுவதும் சாலைத் தடுப்பு. கூட்டரசு நெடுஞ்சாலையில் இந்தியர் காடியென்றால் நிறுத்திப் பார்த்தார்கள். நான் முதல் நாளே கொமுட்டர் ரயிலில் போய் செந்தூலில் உறவுக்காரர் வீட்டில் தங்கிவிட்டேன். கையில் ஒரு குட் மார்னிங் துண்டு, ஒரு போத்தல் தண்ணீர், ஒரு சின்னப் பொட்டலத்தில் உப்பு. கண்ணீர்ப் புகை வந்தால் உப்பை நாக்கில் வைக்கவேண்டும் என்று பெர்சேவுக்குப் போய்வந்த அலுவலகத் தோழி சொல்லிக் கொடுத்திருந்தாள்.

காலையில் ஜாலான் அம்பாங் பக்கம் நடந்தோம். முன்னால் காந்தி படம், பக்கத்தில் பிரிட்டிஷ் மகாராணி படம். கூட்டத்தைப் பத்தாயிரம் என்றும் முப்பதாயிரம் என்றும் கணக்குச் சொன்னார்கள். உள்ளே நின்றவர்களுக்கு முன்னும் பின்னும் தலைகள்தான் தெரிந்தன. பிறகு குண்டு வெடிப்பதுபோல் சத்தம், புகை, அதற்குப் பின்னால் மருந்து கலந்த தண்ணீர். உடம்பில் பட்ட இடமெல்லாம் மிளகாய் அரைத்துப் பூசியதுபோல் எரிந்தது. ஓடி ஒதுங்கிய இடத்தில் ஓர் அலுவலகக் கட்டடத்தின் மலாய்க் காவலாளி பக்கத்துக் குழாயைத் திறந்துவிட்டு, "பாசூ மூக்கா, காக்" என்றார்: முகத்தைக் கழுவுங்கள், அக்கா. வரிசையாக நின்று கழுவினோம். அவரும் கண்ணைத் துடைத்துக்கொண்டுதான் நின்றார். புகைக்கு இன வேறுபாடு தெரியாது.

அதே காலையில் பத்துமலையில் நடந்ததுதான் இன்னும் ஆறாதது. முதல் நாள் இரவே ஆயிரக்கணக்கானவர்கள் கோயில் வளாகத்தில் கூடியிருந்தார்கள். வாயிற்கதவு பூட்டப்பட்ட நிலையில், முருகன் சன்னிதி வாசலிலேயே புகைக்குண்டும் தண்ணீரும் அடித்தார்கள். ஒரு காவலர் காயமடைந்தார். அதற்காக 31 பேர்மேல் கொலை முயற்சிக் குற்றச்சாட்டு. ஜாமீன் இல்லை. மாணவர்களும் கூலி வேலைக்காரர்களும் ஒரே குற்றப்பத்திரிகையில், ஒரே காவலரைக் கொல்ல முயன்றதாக. இத்தனை வருடத்தில் எத்தனையோ குற்றப்பத்திரிகைகள் பார்த்திருக்கிறேன். ஒரு காயத்துக்கு 31 கொலைகாரர்கள் என்று எழுதிய காகிதத்தை அன்றுதான் பார்த்தேன். அவர்களுக்காகக் காசு வாங்காமல் வாதாட வழக்கறிஞர்கள் வந்தார்கள், சீனரும் மலாய்க்காரரும் அதில் உண்டு. டிசம்பர் நடுவில் சட்டத்துறைத் தலைவரே அந்தக் கொலை முயற்சி வழக்கைத் திரும்பப் பெற்றார்.

ஆனால் அதற்கு முன்பே, டிசம்பர் 13-இல், இசா விழுந்தது. பி. உதயகுமார், எம். மனோகரன், வி. கணபதிராவ், ஆர். கெங்காதரன், வசந்தகுமார் ஆகிய ஹிண்ட்ராஃப் தலைவர்கள் ஐவர். உதயகுமாரின் தம்பி வேதமூர்த்தி வெளிநாட்டில் இருந்ததால் தப்பினார். தமிழ்நாட்டு முதல்வர் கலைஞர் டில்லிக்கு எழுதிய கடிதத்துக்கு இங்கே ஓர் அமைச்சர், உங்கள் மாநிலத்தைப் பாருங்கள் என்று பதில் சொன்ன சூடான வாரங்கள் அவை.

இசா என்றால் என்னவென்று இன்றைய இருபது வயதுப் பிள்ளைகளுக்குத் தெரியாது. 1960-இல் கம்யூனிஸ்ட் கெரில்லாக்களுக்காகக் கொண்டுவந்த சட்டம். காவல் துறை 60 நாள் வைத்திருக்கலாம். அதன்பின் அமைச்சர் இரண்டு ஆண்டுக்குக் கையெழுத்திடலாம். அந்த இரண்டை எத்தனை முறை வேண்டுமானாலும் நீட்டிக்கலாம். 1987-இல் லாலாங் நடவடிக்கை என்ற பெயரில் நூற்றுக்கும் மேற்பட்டவர்களைப் பிடித்தார்கள். எதிர்க்கட்சித் தலைவர்களான லிம் கிட் சியாங்கும் கர்ப்பால் சிங்கும் அதில் உள்ளே போனவர்கள். சட்டத்தின் உண்மையான பலம் கமுந்திங் வேலியில் இல்லை. வெளியே இருப்பவர்கள் மனத்தில் இருந்தது. "சும்மாவா புடிப்பாங்க? ஏதாச்சும் செஞ்சிருப்பான்" என்று அக்கம்பக்கம் சொல்லும். உறவுக்காரர்கள் கல்யாணத்துக்குக் கூப்பிட மாட்டார்கள். பிடிபட்டவரின் பிள்ளையிடம் பள்ளிக்கூடத்தில் யாரும் பேச மாட்டார்கள்.

அந்த ஐவர் விஷயத்தில்தான் எங்கள் மத்தியில் இந்தப் பயம் முதல்முறையாக உடைந்தது. கோயில்களில் அகல்விளக்கு வைத்தார்கள், உண்ணாவிரதம் இருந்தார்கள், அவர்கள் படத்தைக் கடையில் மாட்டினார்கள். தோட்டத்தில் மண்டோர் வரும்போது எழுந்து நின்றே பழகிய என் அம்மா, ஐவரின் படம் போட்ட தாளை வாங்கிவந்து சாமிப் படத்துக்குப் பக்கத்தில் ஒட்டினார். தைப்பூசத்துக்குக் கோலாலம்பூரிலும் புத்ராஜெயாவிலும் பொது விடுமுறை என்று ஜனவரியில் பிரதமர் அறிவித்தார். நல்ல அறிவிப்புத்தான், பல ஆண்டுக் கோரிக்கை. ஆனால் யாரும் அதற்காக ஐவரை மறக்கவில்லை.

மார்ச்சில் நடந்தது எல்லோருக்கும் தெரியும். 1974 முதல் சுங்கை சிப்புட் தொகுதியை வைத்திருந்த மலேசிய இந்தியர் காங்கிரஸ் (ம.இ.கா.) தலைவர் சாமிவேலுவை, தோட்டத் தொழிலாளர்களோடு பல ஆண்டு வேலை செய்துவந்த மருத்துவர் ஜெயகுமார் தேவராஜ் 1,821 ஓட்டில் தோற்கடித்தார். ம.இ.கா. போட்டியிட்ட ஒன்பது நாடாளுமன்றத் தொகுதிகளில் மூன்றுதான் மிஞ்சியது. பினாங்கில் பேராசிரியர் பி. ராமசாமி துணை முதல்வரானார். பெரிய மாற்றங்கள்தான். ஆனால் ஆண்டின் மிச்சம் எளிதாக ஓடவில்லை. ஜூனில் பெட்ரோல் ஒரு வெள்ளி 92 காசிலிருந்து ஒரே நாளில் 2 வெள்ளி 70 காசானது. செப்டம்பரில் மறுபடியும் இசா: நாடாளுமன்ற உறுப்பினர் தெரெசா கோக், எழுத்தாளர் ராஜா பெத்ரா, ஒரு சீனப் பத்திரிகை நிருபர். இசாவை இப்படிப் பயன்படுத்துவதை எதிர்த்துச் சட்ட விவகாரங்களைக் கவனித்த அமைச்சர் சைட் இப்ராகிமே பதவி விலகினார். அக்டோபரில் ஹிண்ட்ராஃப் தடைசெய்யப்பட்டது. ஐவரில் இருவர் 2009 ஏப்ரலிலும் மற்ற மூவர் மே மாதத்திலும்தான் வெளியே வந்தார்கள். இசா 2012-இல் ஒழிந்தது. மக்கள் பயத்தை விட்டதால் ஒழிந்த சட்டம் அது. எந்தத் தலைவரும் தானமாகக் கொடுத்ததில்லை.

இனி இன்றைய கதை. இசா போன இடத்தில் சொஸ்மா, அதாவது பாதுகாப்புக் குற்றங்கள் (சிறப்பு நடவடிக்கைகள்) சட்டம், வந்தது. 2012 ஜூலை 31 முதல் நடப்பில் உள்ள சட்டம். இதில் நீதிமன்ற விசாரணை உண்டு, அமைச்சர் கையெழுத்தில் ஆண்டுக்கணக்காக வைக்க முடியாது. அந்த வேறுபாட்டை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் நடைமுறையில் என்ன நடக்கிறது? சாதாரணக் குற்றத்தில் பிடித்தால் 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன் நிறுத்த வேண்டும். அவர் அனுமதித்தாலும் அதிகபட்சம் 14 நாள் தடுப்புக்காவல். சொஸ்மாவில் மாஜிஸ்திரேட்டே தேவையில்லை, காவல் அதிகாரி ஒருவரின் முடிவில் 28 நாள் வைக்கலாம். வழக்கறிஞரைப் பார்ப்பதை 48 மணி நேரம் தள்ளிப்போடலாம். குற்றம் சாட்டப்பட்ட பிறகும் ஜாமீன் கிடையாது. 18 வயதுக்குக் கீழே உள்ளவர்கள், பெண்கள், நோயாளிகள் மட்டும் கேட்டுப் பார்க்கலாம். விடுதலையானாலும், அரசாங்கம் மேல்முறையீடு செய்தால், அது முடியும்வரை உள்ளேயே வைத்திருக்க இடமிருக்கிறது. பயங்கரவாதத்துக்காக என்று சொல்லி வந்த சட்டத்தைக் குண்டர் கும்பல் வழக்குகளுக்கு அதிகமாகப் பயன்படுத்துகிறார்கள். உள்துறை அமைச்சு 2013-இல் வெளியிட்ட 49 கும்பல்களின் கணக்கில் பத்துக்கு ஏழு பேர் இந்தியர். எனவே உள்ளே போகிறவர்களில் அதிகம் பேர் நம் பிள்ளைகள் என்பதை விளக்கிச் சொல்லத் தேவையில்லை.

சில மாதங்களுக்கு முன் ஓர் அம்மா எங்கள் அலுவலகத்துக்கு வந்தார். காலையில் புட்டுமாயம் விற்பவர். மகன் லோரி கெலிண்டான் (உதவியாள்), இருபத்து மூன்று வயது. விடியற்காலையில் கதவைத் தட்டிக் கூட்டிப்போய்விட்டார்கள். கைப்பையிலிருந்து ஒரு பழைய பிஸ்கெட் டின்னை எடுத்து மேசைமேல் வைத்தார். உள்ளே அடகுக்கடைச் சீட்டும், ரப்பர் வளையம் போட்ட பணமும். தாலிக்கொடியைத் தவிர எல்லாவற்றையும் அடகு வைத்திருந்தார்.

"தங்கச்சி, ஜாமீனுக்கு எவ்ளோ கேப்பாங்க? இது பத்துமா?"

"அக்கா, இந்தச் சட்டத்துல ஜாமீன் இல்லக்கா."

"இல்லேன்னா? அதிகமா கேப்பாங்களா?"

"எவ்வளவு குடுத்தாலும் இல்லக்கா. வழக்கு முடியற வரைக்கும் உள்ளதான்."

"எப்ப முடியும்?"

அதற்கு என்னிடம் பதில் இல்லை. சில வழக்குகள் இரண்டு மூன்று ஆண்டு ஓடியதைக் கோப்பில் பார்த்திருக்கிறேன். கடைசியில் குற்றம் நிரூபணமாகவில்லை என்று விட்டதையும் பார்த்திருக்கிறேன். அந்த அம்மா டின்னை மூடினார். அடுத்து அவர் கேட்டதுதான் எனக்குத் தூக்கத்தைக் கெடுத்தது: "வீட்டுக்காரங்க காலி பண்ணச் சொல்றாங்க. கும்பல்ல இருந்தவன் வீடுன்னு. நீங்க ஒரு லெட்டர் குடுக்க முடியுமா, இன்னும் நிரூபிக்கலன்னு?"

இன்னும் நிரூபிக்கவில்லை என்று அலுவலகக் கடிதத் தாளில் எழுதிக் கேட்கிறார். 2008-இல் ஒரு தொகுதியே இதைத்தானே வாக்குச்சீட்டில் எழுதியது?

"குண்டர் பையன்களுக்காகப் பரிந்து பேசுகிறாயா?" என்று என்னிடம் கேட்பவர்கள் உண்டு. என் சொந்த அண்ணனே கேட்கிறார். அவர் கடைக்கு மாதாமாதம் பாதுகாப்புப் பணம் கேட்டு வந்தவர்களால் பட்ட கஷ்டம் எனக்குத் தெரியும். அந்தப் பயத்தை நான் குறைத்துச் சொல்லவில்லை. பாராங் கத்தியால் வெட்டுப்பட்ட இளைஞரின் தாய்க்கும் எங்கள் முன்கூடத்தில் தண்ணீர் கொடுத்திருக்கிறேன். கும்பல்கள் உண்மை. அவற்றை ஒடுக்க வேண்டியதும் உண்மை. ஆனால் ஒருவன் கும்பலில் இருந்தானா என்பதை முடிவு செய்வது நீதிமன்றத்தின் வேலை. அதற்கு முன்பே இரண்டு ஆண்டு சிறையை அனுபவிக்க வைத்துவிட்டால் தீர்ப்பு எதற்கு? உண்மையான தலைவன் காசு வைத்திருக்கிறான், நல்ல வழக்கறிஞர் வைத்திருக்கிறான். கெலிண்டான் பையன்தான் மாட்டிக்கொண்டு காத்திருக்கிறான். வேலை போகிறது, லோரி லைசென்ஸ் எடுக்கும் வயது போகிறது. நிரபராதியாக வெளியே வந்தாலும் அவனை உடனே சேர்த்துக்கொள்ள ஒரே ஒரு இடம்தான் தயாராக இருக்கிறது, அது அந்தக் கும்பல்.

பெயர் தெரிந்தவர்கள் மாட்டினால் மட்டும் நமக்குக் குரல் வருகிறது. 2019 அக்டோபரில் விடுதலைப் புலிகளோடு தொடர்பு என்று சொல்லிப் பன்னிரண்டு பேரை இதே சொஸ்மாவில் பிடித்தார்கள். ஜ.செ.க. சட்டமன்ற உறுப்பினர்கள் சாமிநாதனும் குணசேகரனும் அதில் இருந்தார்கள். அப்போது ஆட்சியில் இருந்தது, நாம் ஓட்டுப் போட்டுக் கொண்டுவந்த நம்பிக்கைக் கூட்டணி. தமிழ்ப் பத்திரிகைகள் எழுதின, மேடைகள் போட்டார்கள், உயர்நீதிமன்றத்தில் ஒரு நீதிபதி ஜாமீன் மறுக்கும் பிரிவு அரசியலமைப்புக்கு முரணானது என்று தீர்ப்பளித்தார். கைப்பேசியில் ஒரு படம் வைத்திருப்பதால் யாரும் பயங்கரவாதி ஆகிவிடுவதில்லை என்று சொல்லி, 2020 பிப்ரவரியில் அன்றைய சட்டத்துறைத் தலைவர் டோமி தோமஸ் வழக்குகளைக் கைவிட்டார். நான்கு மாதத்துக்கு மேல் உள்ளே இருந்தார்கள், ஒன்றும் இல்லாததற்கு. அந்தப் பன்னிருவருக்காகக் கொதித்தவர்களில் எத்தனை பேர், அதே சிறையில் பக்கத்து அறைகளில் இருந்த பெயர் தெரியாத பையன்களைப் பற்றிக் கேட்டோம்? அந்தப் பையன்களுக்காகச் சிறை வாசலில் உண்ணாவிரதம் உட்கார்ந்த தாய்மார்களைப் பார்க்க எத்தனை சங்கங்கள் போயின?

இந்தச் சட்டத்தைக் கேள்வி கேட்க ஒரு தேதியும் இருக்கிறது. சொஸ்மாவின் 28 நாள் தடுப்புக்காவல் பிரிவு தானாக நீடிக்கும் பிரிவு இல்லை. ஐந்தாண்டுக்கு ஒருமுறை நாடாளுமன்றம் அனுமதித்தால்தான் உயிரோடு இருக்கும். 2022 மார்ச்சில் அதை நீட்டிக்கும் தீர்மானம் மக்களவையில் இரண்டே ஓட்டில் தோற்றது. தோற்கடித்தது எதிர்க்கட்சி வரிசை, அதாவது இன்றைய அரசாங்கத்தில் இருக்கும் பலர். ஜூலையில் மறுபடி கொண்டுவந்து நிறைவேற்றினார்கள். அந்த ஐந்தாண்டு 2027 ஜூலையில் முடிகிறது. பிரதமர் அன்வார் இப்ராகிம் இளைஞராக இருந்தபோது 1974-இல் இசாவில் கமுந்திங் போனவர். 1998-இலும் இசாவில்தான் முதலில் பிடிக்கப்பட்டார். அவரைச் சுற்றி உள்ளவர்களிலும் இசா கைதிகள் உண்டு. சட்டத்தைத் திருத்தப்போவதாகச் சொல்கிறார்கள். திருத்தம் எந்த அளவுக்கு என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. பிடித்தவரை மற்றவர்களைப்போலவே 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன் கொண்டுவர வேண்டும். ஜாமீன் தரலாமா கூடாதா என்பதை வழக்கைப் பார்த்து நீதிபதி முடிவு செய்யட்டும். ஆபத்தானவன் என்று பட்டால் அவரே மறுப்பார். விடுதலையானவரை உள்ளே வைத்திருக்கும் பிரிவு அடியோடு போக வேண்டும். இதற்குக் குறைந்த எதையும் திருத்தம் என்று நாம் ஏற்றுக்கொள்ளக் கூடாது.

எங்கள் ஊரில் இதைக் கேட்பதற்கு நல்ல ஆளே இருக்கிறார். அந்த ஐவரில் ஒருவரான கணபதிராவ் 2022 பொதுத்தேர்தலில் கிள்ளான் நாடாளுமன்ற உறுப்பினராக வென்றார். விசாரணையில்லாமல் உள்ளே இருப்பது எப்படியிருக்கும் என்பதை யாரும் அவருக்கு விளக்க வேண்டியதில்லை. அவரிடமும், நாட்டில் உள்ள ஒவ்வொரு இந்திய உறுப்பினரிடமும், 2027 ஜூலையில் அந்தப் பிரிவுக்கு எப்படி ஓட்டுப் போடுவீர்கள் என்று எழுத்தில் கேட்டு, எழுத்தில் பதில் வாங்க வேண்டும். கோயில் நிர்வாகங்கள், பள்ளி முன்னாள் மாணவர் சங்கங்கள், தோட்டத்திலிருந்து வந்தவர்களின் ஒன்றுகூடல்கள், யார் வேண்டுமானாலும் கேட்கலாம். கடிதத்தைத் தட்டச்சு செய்ய ஆள் இல்லையென்றால், வேலை முடிந்த பிறகு நான் செய்து தருகிறேன்.